செத்த காலேஜும் கொசஸ்தலை ஆறும்

தண்டையார்பேட்டையில் நான் வளர்ந்த தெருவில் யாரும் மியூசியம் என்று சொன்னதில்லை. 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வார்கள். உயிருள்ள மிருகங்களைப் பார்க்க வேண்டுமா, 'உயிர் காலேஜ்'. சென்ட்ரல் பக்கம், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சி சாலை அது. செத்து, தோலுக்குள் பஞ்சடைத்து நிற்பவற்றைப் பார்க்க வேண்டுமா, எழும்பூர். வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் காலையில் உயிர், மத்தியானம் செத்தது, சாயங்காலம் பீச் என்று ஒரே நாளில் மெட்ராஸைக் காட்டி முடித்துவிடுவது வழக்கம். 1985இல் உயிர் காலேஜ் வண்டலூருக்குக் குடிபோன பிறகும் எங்கள் ஆயா எழும்பூரைச் செத்த காலேஜ் என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிண்டலாகத் தோன்றினாலும் அந்தப் பேருக்குள் ஒரு பழைய விலாசம் இருக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியபோது எழும்பூரில் இல்லை. நுங்கம்பாக்கம் கல்லூரி சாலையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் இருந்தது. காலேஜ் என்ற ஒட்டு அங்கிருந்து கூடவே வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை எங்களை அங்கே கூட்டிப்போனார்கள். இரண்டு பேராகக் கைகோத்து வரிசையில் நடக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது, நிற்கக் கூடாது. நிற்காமல் நடந்தே பார்த்ததில் மனசில் தங்கியது ஒரு கேள்விதான். ஒரு கட்டடத்தில் நடராஜர். இன்னொன்றில் மேலே தொங்கும் திமிங்கில எலும்புக்கூடு. மற்றொன்றில் முதுமக்கள் தாழி, கல் கோடரி, மலைவாழ் மக்களின் வில். கோயிலும் மீன் மார்க்கெட்டும் கல்லுடைக்கிற இடமும் ஒரே வாசலில் இருப்பதுபோல, இதெல்லாம் எப்படி ஒரே டிக்கெட்டுக்குள் வந்தது?

சரக்கு இருப்பு

அந்தக் கேள்விக்குப் பதில் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. கம்பெனி படையில் சர்ஜனாக இருந்தவர். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர். முதலில் அங்கே சாமி சிலையும் இல்லை, மிருகமும் இல்லை. சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகள்தான் இருந்தன. ஒரு பெரிய மளிகைக் கடையைக் கைமாற்றி வாங்கியவர் முதல் வேலையாகச் சரக்கு இருப்பு எடுப்பார் இல்லையா, கம்பெனி அதைத்தான் செய்தது. இந்த மாகாணத்தில் எங்கே இரும்பு இருக்கிறது, எந்த மரம் கப்பலுக்கு ஆகும், எந்தச் செடியில் சாயம் எடுக்கலாம் என்று தெரிய வேண்டும். கல்லில் தொடங்கிய இருப்புக் கணக்கு மரத்துக்குப் போனது, மரத்திலிருந்து விலங்குக்கு, அப்புறம் மனிதர்களுக்கும் அவர்கள் கும்பிட்ட தெய்வங்களுக்கும். அந்தக் காலத்துக் கண்ணுக்கு இவையெல்லாம் ஒரே பட்டியலின் வெவ்வேறு வரிகள். தொல்லியல் ஒரு துறை, விலங்கியல் வேறொரு துறை என்று பிரித்ததெல்லாம் பிற்பாடு.

1854 டிசம்பரில் மியூசியம் இப்போதைய இடத்துக்கு மாறியது. அதற்கு முன் அங்கே இருந்த மாளிகை வெள்ளைக்காரர்கள் கூடி விருந்துண்டு, நடனமாடி, நாடகம் பார்த்த பொது மண்டபம். பாந்தியன் என்று அதற்குப் பேர். சாலைக்கும் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. மாறிய கையோடு 1855இல் பால்ஃபர் ஒரு பெண் புலியையும் சிறுத்தையையும் வளாகத்தில் வைத்தார். கல்லைப் பார்க்க வராத கூட்டம் புலியைப் பார்க்க வந்தது. ஆற்காட்டு நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் வாங்கிச் சேர்த்தார். அடுத்த வருஷமே 300க்கு மேல் ஆகிவிட்டன. இடம் போதாமல் 1860களில் அவை சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. ஆக, செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இருப்பு எடுக்கிறவர் கண்ணில் மனிதரும் சரக்காகிவிடுகிற ஆபத்து உண்டு. அதை எழும்பூரில் நடத்திக் காட்டியவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளர். முத்துக்குளிப்பு, கடல் உயிரினங்கள் பற்றி நல்ல வேலை செய்தவர்தான். ஆனால் இடுக்கிபோன்ற அளவுகோலை வைத்து ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்து, மூக்கின் அகலத்துக்கும் சாதிக்கும் கணக்குப் போட்டவரும் அவரே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றி அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளை இன்றும் சாதிப் பெருமை பேசுகிறவர்களும் ஆராய்ச்சியாளர்களும் ஒருசேர எடுத்துப் புரட்டுகிறார்கள். அந்த மூக்குக் கணக்கு அறிவியலாக நிற்கவில்லை. ஆனாலும் அவர் குறித்துவைத்த சடங்குகள், தொழில் வழக்கங்கள் சிலவற்றுக்கு வேறு பதிவே கிடையாது. இது ஒரு சங்கடமான சொத்து. தூக்கி எறியவும் முடியாது, பெருமையாகக் கூடத்தில் வைக்கவும் முடியாது. 1940இல் பொறுப்புக்கு வந்த ஏ. ஐயப்பன்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். அவரும் மானிடவியலாளரே.

கல்லைவிடச் சீட்டு முக்கியம்

இப்போது வடசென்னைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் எண்ணூர் கழிமுகம் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடம். கொற்றலை என்றும் எழுதுவார்கள். அனல் மின் நிலையச் சாம்பலும் கப்பலும் கன்டெய்னர் லாரியும் சேர்ந்து அந்த ஆற்றை இன்று என்னவாக ஆக்கியிருக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். அதே ஆற்றில் மேற்கே ஏறிப் போனால் பூண்டி. 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். அங்கிருந்து கால்வாய் வழியாகப் புழல் ஏரிக்கு வருகிற தண்ணீர்தான் எங்கள் குழாயிலும் ஒரு பங்கு. பூண்டியைத் தாண்டிச் சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் அத்திரம்பாக்கம் என்ற சின்ன ஊர்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதன் வேண்டுமென்றே செதுக்கிய கல். இந்தியாவில் இரும்புக்கும் செம்புக்கும் முந்தைய மனிதர் வாழ்ந்தார்கள் என்ற பேச்சு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அதே வருஷம் செப்டம்பரில் அவரும் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார்கள். பல்லாவரத்தில் கிடைத்தது ஒன்று. இங்கே ஓடையோரத்தில் வகைவகையாகக் கிடைத்தன. ஃபூட் பிற்பாடு தென்னிந்தியா முழுக்க அலைந்து சேர்த்த கல்லும் பானை ஓடுகளும் 1904இல் எழும்பூர் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன.

ஒரு கைக்கோடரியைக் கண்ணாடிக்கு மூக்கு ஒட்டும் அளவுக்கு நெருங்கிப் பாருங்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, மாங்காய் வடிவம், ஒரு நுனி கூர். குவார்ட்சைட் என்ற கெட்டிக் கல். மேலெல்லாம் கிளிஞ்சல் மாதிரி ஆழமில்லாத பள்ளங்கள். ஒவ்வொன்றும் இன்னொரு கல்லால் ஓங்கி அடித்துச் செதில் பெயர்த்த தடம். இந்தப் பக்கம் ஒரு அடி, திருப்பி அந்தப் பக்கம் ஒரு அடி என்று ஓரம் முழுக்கப் போயிருக்கிறது. தேங்காயைச் சுற்றிச் சுற்றித் தட்டி உடைக்கிறவர் கையில் உள்ள கணக்கு இதிலும் இருக்கிறது. பிடிக்கும் பக்கத்தை மட்டும் மழமழவென்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கல்லை மட்டும் என் கையில் கொடுத்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. எண்ணூர் ரயில்வே லைனில் கிடக்கும் ஜல்லிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக்கூடப் பழகிய கண்தான் சொல்லும். மியூசியத்துக்கு உள்ளே அதை விலையில்லாததாக ஆக்குவது கூட இருக்கும் சீட்டு: எந்த ஊர், எந்த இடம், எப்போது, யார் எடுத்தது. ஃபூட் ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதிவைத்தார், பட்டியல் போட்டார். அதனால்தான் 130 வருஷத்துக்கு மேல் கழித்து, 1999இல், தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அதே அத்திரம்பாக்கத்தில் அகழாய்வைத் தொடங்க முடிந்தது.

ஃபூட்டின் சீட்டில் இல்லாத ஒன்றை இந்தக் குழு குறித்தது: ஆழம். மேலே கிடந்த கல்லுக்கு வயது சொல்ல முடியாது. எந்த மண்ணடுக்கில் புதைந்திருந்தது என்று தெரிந்தால் சொல்லலாம். எப்படி? விண்ணிலிருந்து விழும் கதிர்கள் தரையில் வெட்ட வெளியில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லுக்குள் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்ற இரண்டு அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்கும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் உருவாவது நின்றுவிடும். இருப்பது அழியத் தொடங்கும். அலுமினியம் 26 சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும். பெரிலியம் 10 பாதியாக அதைப்போல் இரண்டு மடங்கு காலம் எடுக்கும். ஒரே நேரத்தில் ஏற்றிய இரண்டு மெழுகுவத்திகளில் ஒன்று சீக்கிரம் உருகுவதுபோல. மிச்சமிருக்கும் உயரங்களை ஒப்பிட்டால் எப்போது ஏற்றியது என்று தெரிந்துவிடும். அப்படிக் கணக்கிட்டு 2011இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, அத்திரம்பாக்கத்தின் பழைய அடுக்கில் இருந்த கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்றது. 2018இல் அதே இடத்தின் மேலடுக்கில் கருவி செய்யும் முறையே மாறிய காலம் சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன் என்று இன்னொரு முடிவு. இந்தியாவில் இந்த மாற்றம் இவ்வளவு முன்பே நடந்திருக்கும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. மனித இனம் எப்போது எந்த வழியாகப் பரவியது என்ற சண்டையில் எங்கள் ஆற்றங்கரையும் சாட்சியாகிவிட்டது.

அந்தக் குழியில் கருவி மட்டும் கிடைக்கவில்லை. எருமை, குதிரை இன விலங்குகளின் பல் படிமங்கள் கிடைத்தன. ஈரக் களிமண்ணில் மிருகங்கள் நடந்த குளம்புத் தடங்களும் இருந்தன. இப்போது சொல்லுங்கள், இதைத் தொல்லியல் கூடத்தில் வைப்பதா, விலங்கியல் கூடத்திலா? ஓடையோரம் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியவருக்கு இரண்டும் ஒரே காலைப் பொழுதுதானே. பால்ஃபர் காலத்தில் வியாபாரக் கணக்காகச் சேர்ந்த கூட்டு, இந்த மாதிரி இடத்துக்குத்தான் உண்மையாகவே பொருந்துகிறது.

மண்ணுக்குள்ளிருந்து வரும் சாமி

வெண்கலக் கூடத்துக்குப் போகிறவர்களில் சிலர் வாசலில் தன்னையறியாமல் செருப்பைத் தேய்த்துத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த சிறுவனிடம் "கும்புடுடா" என்றார். காவலர் ஒன்றும் சொல்லவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அது நாகரிகம்.

திருவாலங்காடு எங்களுக்குத் தூரமில்லை. திருவள்ளூர் தாண்டி, அரக்கோணம் ரயில் பாதையில். காரைக்கால் அம்மையார் ஆடல் கண்ட தலம். அங்கிருந்து வந்த இந்த நடராஜருக்குச் சுற்றிலும் இருக்க வேண்டிய தீ வளையமான திருவாசி இல்லை. விரிந்து பறக்க வேண்டிய சடையும் இல்லை. தீயும் முடியும் போன பிறகு மிஞ்சியது உடலின் சமநிலை மட்டும். அதனால்தானோ என்னவோ, பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இதன் புகைப்படங்களை மட்டும் பார்த்தே ஒரு கட்டுரை எழுதும் அளவுக்கு மயங்கிப்போனார்.

கோயிலில் இருக்க வேண்டிய திருமேனி மியூசியத்துக்கு ஏன் வந்தது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபம் புரிகிறது, ஆனால் பெரும்பாலானவை கோயிலிலிருந்து பெயர்த்து வந்தவை அல்ல. படையெடுப்புக் காலங்களில் உற்சவத் திருமேனிகளை மண்ணில் புதைத்து ஒளித்தார்கள். புதைத்தவர்கள் செத்துப்போக, இடம் மறந்துபோனது. சில நூறு ஆண்டு கழித்து வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போதோ வயலில் ஏர் ஓட்டும்போதோ டங்கென்று ஒரு சத்தம். அங்கிருந்து 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வேலை செய்யத் தொடங்கும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். நடைமுறையில் விஏஓ, தாசில்தார், கலெக்டர் ஆபீஸ் என்று கைமாறி, கடைசியில் மியூசியம். அரசாங்கக் காகிதம் பாதையெல்லாம் கூடவே வருவதால், கிடைத்த ஊர் சீட்டில் தப்பாமல் இருக்கும். கடத்தல்காரன் கையில் போன சிலைக்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான். அவன் முதலில் அழிப்பது ஊர்ப்பெயரை.

வந்து சேர்ந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. கடற்கரையில் குடியிருக்கிற எங்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். திருவொற்றியூரில் புது ஜன்னல் கம்பிக்கு இரண்டு மழைக்காலம் தாங்காது. வெண்கலத்தின் கதை இன்னும் மோசம். மண்ணில் கிடந்தபோது உறிஞ்சிய குளோரைடு உப்பு உள்ளே பதுங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறியதும் செம்போடு வினைபுரிந்து வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கும். தூள் உதிர, அடியில் புதிதாகப் பொங்கும். விட்டால் விரல், மூக்கு, நகை வேலைப்பாடு எல்லாம் தின்றுவிடும். வெண்கல நோய் என்றே இதற்குப் பேர். எழும்பூர் மியூசியத்தில் 1930இலேயே இதற்காக ஒரு வேதியியல் கூடம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் சிலையை மென்காரக் கரைசலில் இறக்கி, சிறிய மின்சாரத்தைப் பாய்ச்சி, உப்பைக் கரைசலுக்கு இழுத்துவிடும் முறையைப் பயன்படுத்தினார். பிறகு உப்பு போய்விட்டது என்று உறுதியாகும்வரை சுத்த நீரில் திரும்பத் திரும்ப ஊறப்போட்டு எடுக்க வேண்டும். அவசரம் ஆகாத வேலை. பார்வையாளர் கண்ணில் படாத வேலையும்கூட; நாம் பார்ப்பதெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் அழகாக நிற்கும் சாமியை மட்டும்தான்.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் சோழர் கல்வெட்டுகள் இந்தப் பயணம் எதுவும் போகவில்லை. சுவரிலேயே இருக்கின்றன. பிரசாதம் வாங்க நிற்கும் வரிசையில் அவற்றின்மேல் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறோம்.

காக்கா ஆழி

இயற்கை வரலாற்றுப் பகுதிக்குத்தான் இப்போது மவுசு குறைவு. நிறம் மங்கிய பறவை, ஃபார்மலினில் வெளுத்த மீன். குழந்தைகள் திமிங்கிலத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். நானும் அந்தச் சிப்பி அலமாரிகளை அசட்டையாகத் தாண்டிப் போனவன்தான். எண்ணூரில் காக்கா ஆழி வந்த பிறகுதான் திரும்பி வந்து பார்த்தேன்.

காக்கா ஆழி என்பது கறுத்த, சின்னச் சிப்பி உயிர். ஆளி என்று எழுதுகிறவர்களும் உண்டு. அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டோ, கப்பல் நிலைத்து நிற்க அடியில் நிரப்பும் நீரோடோ உலகம் சுற்றுகிற ஜாதி. கொசஸ்தலை முகத்துவாரத்திலிருந்து பழவேற்காடு பக்கம்வரை ஆற்றடியில் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிட்டது. இறால் மேய்வதும் பதுங்குவதும் அடி மண்ணில். அந்த மண்ணை இது மூடிவிட்டால் இறால் ஏது? உள்ளூர்ச் சிப்பிகளான மஞ்சள் மட்டியும் போச்சு, பச்சை ஆளியும் குறைந்தது என்று மீனவர்கள் போராடி, விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது.

சரி, இதில் மியூசியம் எங்கே வருகிறது? ஒரு உயிர் அந்நியமானது என்று சொல்ல வேண்டுமானால், முன்பு அது இங்கே இல்லை என்று காட்ட வேண்டும். இல்லாததை எப்படிக் காட்டுவது? இருந்ததையெல்லாம் யாராவது பொறுமையாகப் பொறுக்கி, பேர் எழுதி வைத்திருந்தால்தான். எழும்பூரில் 1920 முதல் 1940 வரை கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி அப்படி ஒரு வேலை செய்தார். மெட்ராஸ் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பி, சங்கு, நண்டு ஓடு இவற்றையெல்லாம் வகைப்படுத்தி, படத்தோடு 1941, 1942இல் மியூசியம் வெளியீடாகவே கொண்டுவந்தார். அன்றைக்கு அது ஓய்வுபெறும் வயதுக்காரர் பீச்சில் சிப்பி பொறுக்கிய கதையாகத்தான் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்று இந்தக் கரையில் எது பழையது, எது புதிது என்று பேச உட்கார்ந்தால் அந்த மாதிரிப் பட்டியல்களைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. அதிலும் ஒரு சிப்பி படமாக மட்டும் இல்லாமல், இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு பொருளாகவே பெட்டிக்குள் இருந்தால், அதன் ஓட்டைச் சுரண்டி அந்தக் காலத்துத் தண்ணீரில் என்ன கலந்திருந்தது என்றுகூட இன்றைய ஆய்வகம் ஓரளவு சொல்லிவிடும்.

அதே பெட்டி தீயில் போனால்? 2016 ஏப்ரல் 26 அன்று டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. 2018 செப்டம்பர் 2 இரவில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ. தொல்லியல், பழங்குடிப் பண்பாடு, இயற்கை வரலாறு மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்த, 200 வயதான தேசிய அருங்காட்சியகம். சுமார் 2 கோடிப் பொருள்களில் பெரும்பகுதி போய்விட்டது. பேச ஆளில்லாமல் போன மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அதில் அடக்கம். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைப்பதில் உள்ள கெடுதல் இது. மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் மியூசியத்தின் கவர்ச்சியான பகுதிகள் அல்ல என்பதால் எந்த நாட்டிலும் திறப்பு விழாவில் அவற்றுக்கு ரிப்பன் வெட்டுவதில்லை.

வடசென்னைக்கென்று ஒரு மியூசியம் வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இரண்டு மனம். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் ரயில் மியூசியம் இருக்கிறது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் இருக்கிறது. கோட்டை அருங்காட்சியகத்தில் 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்ட குண்டின் துண்டு இருக்கிறது. அந்த ராத்திரி பற்றி எரிந்தது துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள், மிச்சமாகத் தமிழுக்கு 'எம்டன்' என்று ஒரு சொல் கிடைத்தது. பூண்டியில் தொல்லியல் துறையின் கற்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. இல்லாதது, இந்த ஆற்றை மேலிருந்து கீழ்வரை ஒரே கதையாகப் பார்க்கிற இடம். 15 லட்சம் வருஷத்துக் கல்லும், கையால் தடவியே இறால் பிடிக்கிறவரின் கூடையும், மஞ்சள் மட்டியும், காக்கா ஆழியும் ஒரே மேசையில். அதற்குக் கண்ணாடி மாளிகையோ நுழைவாயில் வளைவோ தேவையில்லை. ஈரம் ஏறாத ஒரு அறை, நல்ல இழுப்பறைகள், மை மங்காமல் எழுதுகிற இரண்டு பேர். வளைவு மட்டும் கட்டி நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

போன மாதம் எண்ணூர் முகத்துவாரத்தில் படகு இழுத்துப் போட்டிருந்த இடத்தில் நாலு காக்கா ஆழி ஓட்டைப் பொறுக்கினேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாத்துக்குத் தம்பி இது? திங்கவும் ஆவாது, விக்கவும் ஆவாது."

"எடுத்து வைக்கலாம்னுதாண்ணா."

"மூட்டை மூட்டையா கிடக்குது, எடுத்துக்கோ. மஞ்ச மட்டி ஓடு வேணும்னா அந்த மேட்டாண்ட தேடிப் பாரு. பழசு கிடக்கும்."

மேட்டில் மண்ணைக் கிளறியதில் இரண்டு கிடைத்தது, ஒன்று ஓரம் உடைந்தது. வீட்டுக்கு வந்து கழுவி, காயவைத்து, இரண்டு வகையையும் பழைய பிஸ்கட் டப்பாவில் தனித்தனியாகப் பஞ்சில் வைத்தேன். பென்சிலால் சீட்டு எழுதினேன். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். இடம், தேதி, என் பேர். பெயர் என்ற இடத்தில் அவர் சொன்னபடியே 'மஞ்ச மட்டி' என்று எழுதி, பக்கத்தில் 'உயிரோடு கிடைக்கவில்லை, கரை மேட்டில் பழைய ஓடு' என்று சேர்த்தேன்.